வட்டுப் பிரிப்புத் திரை அவர்கள் சமூகத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்:
உதிரி வன்தட்டு ஒன்றின் உரிமையாளன்,
லினக்ஸுக்குப் புதுக்குடி.

பெறுநர்:
உயர்திரு வட்டுப் பிரிப்புத் திரை அவர்கள்,
லினக்ஸ் இன்ஸ்டாலர் அலுவலகம்
(மொழி, விசைப்பலகை, வைஃபை கவுன்ட்டர்களைத் தாண்டி உள்ளே).

பொருள்: உதிரித் தட்டில் நிறுவச் சொன்னதற்கு அடுத்த தட்டில் வேலி போட்டது – தொடர்பாக.

ஐயா,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 11-க்குப் போக டிபிஎம் 2.0 வேண்டுமாம், என் கணினிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இழுப்பறையில் ஒரு 500 ஜிபி வன்தட்டு சும்மா கிடந்தது. "விண்டோஸ் இருக்கிற தட்டைத் தொடாதே, தனித் தட்டில் லினக்ஸைப் போடு, ஒரு வம்பும் வராது" என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நம்பித் தங்கள் வாசலுக்கு வந்தேன்.

தங்களுக்கு முந்தைய திரைகள் தங்கமானவை. எந்த மொழி, எந்த ஊர் என்று நிதானமாக விசாரிக்கின்றன. ஊரை மாற்றிச் சொல்லிவிட்டாலும் பிறகு திருத்திக்கொள்ளலாம். திருத்தவே முடியாத ஒரே கேள்வியைக் கேட்கும் தாங்கள்தான் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு வரியைக் காட்டிவிட்டு 'தொடர்க' என்கிறீர்கள். என்னிடம் இருக்கும் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டுமே 500.1 ஜிபி. இதில் எது குடியிருக்கும் வீடு, எது காலி மனை?

எஸ்டிஏ என்றால் முதல் தட்டுதானே என்று இருந்துவிடவும் முடியாது. கெர்னல் கண்டுபிடிக்கிற வரிசையில் விழும் பெயர் அது; அடுத்த முறை பூட் ஆகும்போது இடம் மாறிப்போகலாம். இது தங்களுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் வேலை முடிந்ததும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ என்று எழுதாமல், நீளமான யூயூஐடி எண் ஒன்றை எழுதிவைத்துக்கொள்கிறீர்கள். அலுவலகப் பதிவேட்டுக்குச் சர்வே எண். மனுதாரருக்கு மட்டும் 'அந்தப் புளியமரத்துக்குக் கிழக்கே'. இது என்ன நியாயம், ஐயா?

தட்டின் மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் வரிசை எண் இருக்கிறது. அதே எண்ணைத் தட்டும் தன் வாயால் சொல்கிறது, லினக்ஸும் கேட்டுக் குறித்துவைத்திருக்கிறது. அதைத் திரையில் ஒரு வரி காட்ட என்ன தடை? கேட்டால், "டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிஎல்கே அடித்துப் பார்" என்கிறார்கள் தங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள். அது தெரிந்திருந்தால் நான் ஏன் மனு கொடுக்க வருகிறேன்?

போகட்டும், சரியான தட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். பூட்லோடர் எங்கே என்று தாங்களே கேட்டீர்கள், எஸ்டிபி என்றேன். பதில் பேசவில்லை. பிறகு நேராக முதல் தட்டுக்குப் போய், விண்டோஸ் வைத்திருந்த இஎஃப்ஐ பகுதியில் கிரப் என்னும் அந்தப் பூட்லோடரை இறக்கிவிட்டீர்கள். உதிரித் தட்டைக் கழற்றிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது: கறுப்புத் திரையில் 'கிரப்' என்று ஒரு சொல், பக்கத்தில் மினுக்கும் ஒரு கோடு. விண்டோஸ் எங்கும் போய்விடவில்லை. போகிற பாதையில்தான் தங்கள் வேலி. (எந்த விநியோகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால், "அதற்குத்தான் எங்களுடையதைப் போடச் சொன்னோம்" என்று அடுத்த விநியோகத்துக்காரர் கிளம்பிவிடுவார்.)

பரிகாரம் விசாரித்தேன். பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது: "நிறுவும்போது விண்டோஸ் தட்டின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிடு." 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அதை என் வீட்டு மேசையில் பத்திரமாக ஏற்ற ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருக்கிறது.

பிடுங்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இந்த முறை விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தங்களுக்குத் தெரியாது; ஆகவே மதர்போர்டின் கடிகாரத்தை உலகப் பொது நேரத்துக்குத் திருப்பிவைத்தீர்கள். விண்டோஸோ அந்தக் கடிகாரம் சொல்வதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். இரவு பத்தரைக்குத் திறந்தால் மாலை ஐந்து என்கிறது. லண்டன்காரருக்குக் குளிர்காலம் முழுக்க இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. ஐந்தரை மணி நேரம் நமக்கு விதித்த தீர்வை போலிருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பதற்குக் குறை சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நிரல் இலவசம்தான், அடுத்த தட்டில் இருக்கும் என் மகளின் புகைப்படங்கள் எந்தத் தளத்திலும் இறக்கக் கிடைக்காது.

ஆகவே சமூகம் கருணை கூர்ந்து, தட்டுகளை வரிசை எண்ணோடு காட்டவும், நான் தொடாத தட்டில் ஒரு பைட் எழுதுவதாக இருந்தாலும் எங்கே, என்ன என்று சொல்லிவிட்டு எழுதவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'நிச்சயமாகவா?' என்று வெறுமனே கேட்பதை நிறுத்தினாலும் நல்லது. எது என்று சொல்லாமல் கேட்டால் எதை நிச்சயப்படுத்துவது?

இப்படிக்கு,
மனுதாரர்

இணைப்பு:
1. இரு தட்டுகளின் ஸ்டிக்கர் நகல்.
2. நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் – ஒன்று. மனு நிராகரிக்கப்பட்டால், அடுத்து வருபவருக்குத் தங்கள் கவுன்ட்டரிலேயே வழங்கிவிடவும்.