அடிநூலியல்: ஓர் அறிமுகம்

கனரகத் தோல் தையல் மெஷின் என்பது பாபினுக்கு ஊழியம் செய்வதற்காக வார்க்கப்பட்ட இரும்பு. ஒற்றை ஆள் அசைக்க முடியாத உடல், மேசைக்கடியில் மோட்டார், தோலைச் சேர்ந்து நகர்த்த ஊசி, உள்பாதம், அடிப்பல் என்று மூவர் கூட்டணி. இத்தனை இருந்தும், அடியில் உள்ள சின்ன உருளையில் நூல் தீர்ந்த மறுகணம் அது வெறும் துளை போடும் கருவி.

இக்கோட்பாட்டை மறுப்பவர்கள் பெரும்பாலும் துணி தைப்பவர்கள். துணியில் நூல் தீர்ந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். ஊசித்தடம் நாளடைவில் மறைந்துவிடும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். ஆகவே அவர்கள் சாட்சியம் இங்கே செல்லாது.

பிரச்சினையின் வேர் பழையது. 1846இல் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற மெஷினிலேயே நுனியில் கண் வைத்த ஊசியும், அடிநூலைச் சுமக்கும் ஓடமும் இருந்தன. மேல் நூல் எல்லோர் கண்ணிலும் படும் கோனிலிருந்து இறங்க, அடிநூல் இருட்டுக்குள் போனது. அது தீர்வதை யாரும் பார்ப்பதில்லை. தீர்ந்ததை மட்டுமே பார்க்கிறார்கள்.

புது மெஷினில் பயிற்சியை நூல் கோக்காமல் தொடங்குவது மரபு. எண்ணெய் விட்டு, கைச் சக்கரத்தைத் தன் பக்கமாகச் சுற்றி, ஊசி எதிலும் இடிக்காமல் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேகம் குறைத்த சர்வோ மோட்டார் இருந்தால் நலம். பழைய கிளட்ச் மோட்டாரில் மிதியைத் தொட்டதும் மெஷின் ஓடாது, பாயும்.

அடுத்தது சுற்றுதல். கோனிலிருந்து வரும் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போயாக வேண்டும். அதைத் தவிர்த்தால் பாபின் பொதபொதவென்று சுற்றிக்கொண்டு, தைக்கும்போது ஒருசமயம் இறுகும், ஒருசமயம் தளரும். நூல் நுனியைப் பாபின் துளை வழியாக வெளியே எடுத்துப் பிடித்து, சில சுற்று ஏறியதும் ஒட்ட நறுக்கிவிட வேண்டும். தைக்காமல் சுற்ற மட்டும் மெஷினை ஓட்டுவதானால் ஊசியில் நூல் இருக்கக்கூடாது, பாதம் தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்லும் பாதமும் ஒன்றையொன்று அரைக்கும்.

எவ்வளவு சுற்றுவது என்பதில் இரு கட்சிகள் உண்டு. விளிம்பு வழியச் சுற்றும் நிறைகுடக் கட்சியின் பாபின் கேஸுக்குள் சிக்கி நிற்கும். பாதி போதும் என்னும் சிக்கனக் கட்சிக்குக் கணக்கு தெரியாது. 8 மில்லிமீட்டர் தோலில் 6 மில்லிமீட்டர் தையல் போட்டால், ஒவ்வொரு தையலுக்கும் அடிநூல் 6 நீளவாக்கில், மேலே 4, கீழே 4 என 14 மில்லிமீட்டர் தின்னும். ஒரு மீட்டர் தையலுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர். நூலின் தடிமனை இரட்டித்தால் அதே பாபின் முன்பு கொண்ட நீளத்தில் கால் பங்குதான் கொள்ளும். எனவே விளிம்புக்கு ஒரு நூலளவு கீழே நிறுத்துவதே நடுநிலை.

சுற்றிய பாபினைக் கேஸில் வைத்து, நூலைப் பிளவு வழியே இழுத்து, தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் பதித்தபின், முதல் மூன்று நான்கு தையலுக்கு இரண்டு நூல் வாலையும் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காதவருக்கு அடியில் நூல்சிக்கு பரிசு.

இங்கேதான் அடிநூலியலின் பெரும் அநீதி நிகழ்கிறது. தோலின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் உடனே பாபின் கேஸைக் கழற்றித் திருகைத் திருகுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி மேலே இருக்கிறான்: மேல் நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது இறுக்கம் போதவில்லை. மேல் பக்கத்தில் அடிநூல் எட்டிப் பார்த்தால் மட்டுமே விசாரணையைக் கீழேயிருந்து தொடங்கலாம். முடிச்சு தோலின் நடுவயிற்றில் புதைந்தால் வழக்கு தள்ளுபடி.

கடைசியாக, பாதியில் தீர்ந்துபோன நூலை ஒட்டும் முறை. மூன்று நான்கு துளை பின்னால் போய், கைச் சக்கரத்தால் ஊசியைப் பழைய துளைகளிலேயே இறக்கி, பழைய தையலின் மேல் தைத்தபடி புதுத் தடத்துக்கு வர வேண்டும். நைலான் நூலானால் நுனியை நறுக்கி லைட்டரால் லேசாகச் சுட்டு அமுக்கினால் தெரியாது. வாடிக்கையாளர் திருப்பிப் பார்க்கும் பக்கமானால் கொஞ்சம் தெரியும்.