1740-ல் பிறந்த பித்தளை

கேள்வி: பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் பித்தளைச் சரவிளக்கு ஒன்றைக் காட்டி, '1740-ல் செய்தது' என்கிறார். நம்பலாமா? வாங்கினால் புளி போட்டுத் துலக்கலாமா?
- ஒரு வாசகர், லண்டன்

பதில்: கடைக்காரரின் வாயைவிட விளக்கின் கைகளை நம்புங்கள். அவை உள்ளே குழாயாக இருந்தால் பெரும்பாலும் எரிவாயுவுக்கோ மின்கம்பிக்கோ செய்தவை. மெழுகுவத்திக்குக் குழாய் எதற்கு? அக்காலத்துக் கைகள் கெட்டி வார்ப்பு. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கு ராவிப் பொருத்தி, மாறிவிடாதபடி அடையாளமும் வெட்டியிருப்பார்கள்.

தேவாலயத்து விளக்கென்றால் அதிர்ஷ்டம். நடு உருண்டையிலேயே உபயதாரர் பெயரும் ஆண்டும் பொறித்திருப்பது வழக்கம்.

உலோகமும் காட்டிக்கொடுக்கும். பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் துத்தநாகத்தைத் தனியே வடிக்கக் காப்புரிமை வாங்கியது 1738-ல். அதுவரை தாதுவையே செம்போடு சேர்த்துச் சுட்டார்கள். அந்தப் பித்தளையில் துத்தநாகம் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. புதுமுறை பரவவும் நாளாயிற்று. ஆய்வில் 40 சதவீதம் வந்தால், 1740-ஐ விட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.

புளி வேண்டாம். அமிலம் துத்தநாகத்தை அரிக்கும்; தேய்க்கத் தேய்க்கப் பொறித்த ஆண்டும் போய்விடும். அம்மோனியா கலந்த பாலிஷ் அதைவிட மோசம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குற்றவாளி, குதிரைச் சிறுநீரின் அம்மோனியா! மென்மையான சோப்புநீர், பருத்தித் துணி போதும்.

மாட்டுமுன் உத்தரத்தைச் சோதியுங்கள், கனம் அதிகம். கீழே சோபா போடுவது உங்கள் இஷ்டம்.