பங்குனிக் காவல்

நாற்பது வருடங்களுக்கு முன்பு பங்குனி என்றால் எனக்கு ஒரே வேலை. நவரை நெல் பால் பிடித்திருக்கும். விடிவதற்குள் வரப்பில் நின்று தகர டப்பாவைத் தட்ட வேண்டும். கிளி, சிட்டு, தூக்கணாங்குருவி எது வந்தாலும் ஆயாவுக்கு ஒரே பெயர், திருட்டுக் குருவி. கொஞ்சம் அண்ணாந்து பார்த்து நின்றால் போதும். "இன்னாடா வேடிக்கை? அது துன்னுட்டுப் போனா நீ இன்னாத்த துன்னுவே?"

இந்தப் பங்குனியில் எங்கள் ஆலைக்குப் பராமரிப்பு ஷட்டவுன், ஒரு வாரம். அதே ஒரகடம், அதே விடியற்காலை. கழுத்தில் மட்டும் பாதி மாதச் சம்பளத்தை விழுங்கிய பைனாகுலர். திங்கட்கிழமை முதலில் போனது எங்கள் கழனி இருந்த இடத்துக்கு. காம்பவுண்டுச் சுவர். விரட்டப் போன காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியவை, பார்க்கப் போனபோது வரவில்லை. மின்கம்பியில் ஒரு கரிச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தது. அதைச் செல்போன் செயலியில் பதிந்தேன். எண்ணிக்கை: ஒன்று.

மறுநாள் ஸ்ரீபெரும்புதூர் ஏரி. இங்கே மனசு ஆறியது. மடையான், நீர்க்காகம், தாழைக்கோழி, நத்தையைத் தேடி நடக்கும் நத்தைகுத்தி நாரை. நடுத்தண்ணீரில் நாமக்கோழிகள், கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. ராமானுஜர் பிறந்த ஊரில் அது நீந்துவது பொருத்தம்தான். வடகலையா தென்கலையா என்று யாரும் வழக்குப் போடாதவரை நிம்மதியாக நீந்தும். சிறுவயதில் இதே ஊர்ச் சந்தையில் கொக்கும் கௌதாரியும் கால் கட்டி விலைக்குக் கிடக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. சந்தைக்குத்தான் வந்து சேரவில்லை.

புதன்கிழமை வேடந்தாங்கல். அந்தப் பக்கத்து உறவுக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு எரு என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் காவல் உத்தரவே வாங்கிவிட்டார்கள். எங்கள் ஆயா அதைக் கேட்டுச் சிரிப்பாள். "அவங்களுக்கு எருவு போடுது, நமக்கு நெல்லைப் புடுங்குது!" அங்கே கூழைக்கடாக் குஞ்சுகள் தாயின் தொண்டைக்குள் தலையை விட்டு மீன் பிடுங்குவதை, டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று பார்த்தேன்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வெயிலில் போயின.

சனிக்கிழமை சாயங்காலம் வல்லம் பக்கம் சூறைக்குருவிகள் புகைபோல் சுழன்றன. நடு ஆசியாவிலிருந்து மழைக்காலத்தை ஒட்டி வந்து, பங்குனி சித்திரையில் திரும்புகிறவை. எங்கள் லைனில் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒடிசாப் பையனிடம் பைனாகுலரைக் கொடுத்தேன். ஹோலிக்கு ரயிலில் இடம் கிடைக்காமல் இங்கேயே தங்கிவிட்டவன். "இதுங்களுக்கு டிக்கெட் வேணாமே, சார்" என்றான். நோக்கியா 2006-இல் இங்கே வந்து 2014-இல் மூடிக்கொண்டு போனதே, அதுவும் ஒரு வலசைதான் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் நிலையான கூடு என்று நம்பி வீட்டுக்கடன் வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை, இன்னும் யாரும் கட்டடம் கட்டாத ஒரு சிப்காட் மனை. ஜல்லி கொட்டி அப்படியே விட்டிருந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் ஆள்காட்டி ஒன்று எழும்பி ஊரைக் கூட்டியது. அந்தச் சத்தத்துக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"இன்னா சார், போட்டோவா? இங்க பர்மிஷன் இல்ல."

பறவை பார்க்க வந்தேன் என்றேன். என்னையும் பைனாகுலரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜல்லிக்கு நடுவே கைகாட்டினார். நான்கு முட்டைகள், கல்லோடு கல்லாக. சுற்றி மூன்று செங்கல் வைத்திருந்தார், லாரி ஏறிவிடாமல்.

"நான் தூங்கினாலும் அது தூங்காது சார். மூணு ஷிப்டும் பாக்குது, ஓ.டி. கூட கெடையாது."

கைகாட்டிய தூரத்துக்கு மேல் ஓரடி வைத்தேன். பறவை மறுபடி கத்தியது. கத்திய திசையைப் பார்த்துவிட்டு அவர் என்னை வாசலுக்கு அழைத்துப்போனார்.