மொட்டைமாடி மல்லிகைக்காரர்

ராயப்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால், அதில் ஒரு செயலாளர் இருப்பார், ஒரு தண்ணீர்த் தகராறு இருக்கும், மொட்டைமாடியில் ஒரு மல்லிகைக்காரர் இருப்பார். முதல் இரண்டும் அவ்வப்போது மாறும்.

மல்லிகைக்காரர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற அதிகாரி. ஆபீசில் எந்தக் கோப்பையும் உடனே நகர்த்தாதவர், விடிவதற்குள் குவளையோடு மாடியேறிவிடுவார். குவளையில் இன்று அரிசி கழுவிய தண்ணீர், நாளை புளித்த மோர், மறுநாள் டீத்தூள். சைவ வீடு என்பதால் முட்டை ஓடு மட்டும் எதிர் ஃபிளாட்டிலிருந்து வரும். "எனக்கு ஒரு வாய் காபி கலந்து குடுக்கத் தெரியாது, அதுக்கு மட்டும் வேளாவேளைக்கு" என்பார் மாமி.

"என்ன ரகம் சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். "ஒரிஜினல் மதுரை!" என்று ஆரம்பித்து, 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய கதையை முடிப்பதற்குள் உங்கள் வீட்டில் குக்கர் ஐந்து விசில் அடித்திருக்கும். பதியன் ராமநாதபுரம் மாவட்டத் தங்கச்சிமடத்தில் பிறந்தது, குடிப்பது ராயப்பேட்டை போர் தண்ணீர் என்பதையெல்லாம் அவரிடம் சொல்லக் கூடாது. அந்த உப்புத் தண்ணீரில் இலை மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் தெளியும். அவரோ மூன்றாம் மாடி அம்மாளின் கண் பட்டுவிட்டதாகச் சொல்லி எலுமிச்சம்பழம் கட்டுவார்.

மல்லிகை நல்ல வெயில் கேட்கும் செடி. பங்குனி வெயிலில் நாம் வாடும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம். இவர் அதற்குப் பச்சை வலையில் பந்தல் போட்டு நிழல் தருவார். செடியும் நன்றி மறவாமல் இலையாகவே தள்ளும்.

நவம்பர் கடைசி வாரத்தில் குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும். புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு. இது அவருக்கும் தெரியும். கத்தரிக்கோலும் வாங்கி எண்ணெய் போட்டு வைத்திருப்பார். "மழை நாள், பச்சை உடம்பு, இப்போ போய் வெட்டுவாங்களா?" என்று தை வரை தள்ளிப்போட்டு, தையில் துளிர் பார்த்ததும் மனசு வராது.

கீழே வாட்ச்மேன் பெயிண்ட் டப்பாவில் குச்சி நட்டு மறந்துபோன செடியைக் கேபிள்காரர் ஒயருக்கு இடைஞ்சல் என்று ஐப்பசி முடிவில் மொட்டையடித்துவிட்டுப் போனார். பங்குனியில் வாட்ச்மேன் சம்சாரத்தின் தலை நிறையப் பூ. மாடியில் பதினொரு மொட்டு. அதையும் பறிக்க விடமாட்டார்; எண்ணிப் பார்க்க வேண்டுமே! மாமிக்கு ஜாம்பஜார் முழம்தான் கதி.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருந்தால் வாதம் செய்யாதீர்கள். நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, "செம்மொழிப் பூங்காவில் புதுச் செடி வந்திருக்காம் சார்" என்று கிளப்பி அழைத்துப் போய்விடுங்கள். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறதென்று மாமிக்குத் தெரியும்.