கவுன்சிலர் வீட்டுக்காரருக்குக் கொலை மிரட்டல்

(உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்துக்கு வெளியே ஒரு புங்கமரம். அதன் கீழே மடக்கு மேசை, கார்பன் தாள், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று இப்போது மனு எழுதும் பெரியவர். வெள்ளைக் கார் ஒன்று வந்து நிற்கிறது. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் 'பேரூராட்சி மன்ற உறுப்பினர்'. இறங்குகிறவர் உறுப்பினர் அல்ல, உறுப்பினரின் கணவர். உறுப்பினர் அந்தக் காரில் கடைசியாக ஏறியது பதவியேற்பு அன்றைக்கு.)

பிரமுகர்: வணக்கம்ணே. வெரசா ஒரு மனு வேணும். கொலை மிரட்டல்.

பெரியவர்: உக்காருங்க தம்பி. விட்டது யாரு, வாங்குனது யாரு?

பிரமுகர்: வாங்குனது கவுன்சிலர்ணே.

பெரியவர்: அடப் பாவமே. அந்தப் பிள்ளை அந்நேரம் எங்க இருந்துச்சு?

பிரமுகர்: அது வீட்ல மாவாட்டிக்கிட்டு இருந்துச்சு. மிரட்டுனது என்னைய. டீக்கடையில வச்சு.

பெரியவர்: அப்ப கவுன்சிலரை மிரட்டலையே. கவுன்சிலர் வீட்டுக்காரரைத்தான?

பிரமுகர்: ரெண்டும் ஒண்ணுதாண்ணே. 2022 பிப்ரவரியில வீதிவீதியாப் போயி ஓட்டுக் கேட்டது யாரு? நானு. ஆபீஸ்ல போயி உக்காந்து சோலி பாக்குறது யாரு? நானு. காண்ட்ராக்டர்கிட்டப் பேசுறது?

பெரியவர்: நீங்கதான். கையெழுத்து?

பிரமுகர்: அது மட்டும் அது போடும்.

பெரியவர்: சரி, ஏதோ ஒரு பங்காவது அந்தப் பிள்ளைக்கு விட்டு வச்சிருக்கீங்க. அந்தாளு சொன்ன வார்த்தையச் சொல்லுங்க. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

பிரமுகர்: "ஒரு வாரமாக் குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. இனிமே எவனாச்சும் ஓட்டுன்னு சொல்லிக்கிட்டு இந்தத் தெருவுக்குள்ள வரட்டும், குடலை உருவி மாலையாப் போட்டுர்றேன்." இதாண்ணே. திராட்சைத் தோட்டத்துக்காரன். கையில கவாத்துக் கத்திரி வேற.

பெரியவர்: கத்திரிய உங்களப் பாத்து நீட்டுனாரா?

பிரமுகர்: இல்ல. அதைப் பெஞ்சுல வச்சுட்டு வடை தின்னான்.

பெரியவர்: நீங்க?

பிரமுகர்: நான் டீயைக் குடிச்சு முடிச்சேன்.

பெரியவர்: பயந்தீங்களா?

பிரமுகர்: நான் யாருக்குண்ணே பயப்படணும்? இந்த வட்டாரத்துல என்னையக் கண்டாத்தான் நாலு பேரு பயப்படுவான்.

பெரியவர்: அதையும் மனுவுல சேக்கட்டுமா?

(பிரமுகர் காலரைச் சரிசெய்துகொள்கிறார். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.)

பெரியவர்: தம்பி, முன்னாடி ஐ.பி.சி.யில 503, 506-ன்னு இருந்தது இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 351. சாதா மிரட்டல்னா ரெண்டு வருசம் வரைக்கும். கொன்னுருவேன்னா ஏழு வருசம் வரைக்கும். பேரு ஊரு தெரியாம மறைஞ்சு நின்னு மிரட்டுனா அதுக்கு மேல இன்னொரு ரெண்டு. ஆனா எல்லாத்துக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. கேக்குறவனைக் கலங்கடிக்கணும், ஒண்ணைச் செய்ய வைக்கணும், இல்ல செய்ய விடாமத் தடுக்கணும்னு நெனச்சுச் சொல்லியிருக்கணும். வெறும் வாய்ச்சொல்லு பத்தாது. 2015-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பெங்களூருல டிராபிக் போலீஸோட பேஸ்புக் பக்கத்துல காட்டமாக் கருத்துப் போட்ட ஒரு தம்பதி மேல போட்ட வழக்கு அது. இது மிரட்டலே இல்லன்னு தள்ளி விட்டாங்க.

பிரமுகர்: குடலை உருவுவேன்னு அவங்க சொல்லலையே.

பெரியவர்: நம்ம பக்கம் யாரு சொல்லாம இருக்கா? எங்க ஆத்தா எனக்குப் போட்ட குடல் மாலைய எல்லாம் எண்ணுனா, வீரபாண்டித் திருவிழாவுல பூக்கடை போட்டுரலாம். தோலை உரிக்கிறது, கண்ணைத் தோண்டுறது, காலை ஒடிச்சு அடுப்புல வைக்கிறது, இம்புட்டும் ஒரு வீட்ல காலையில எட்டு மணிக்குள்ள நடக்குது. பிள்ளைகளும் பத்திரமாப் பள்ளிக்கூடம் போயிட்டுத்தான் வருதுக.

பிரமுகர்: மக்கள் பிரதிநிதியப் பேசுறதும் பிள்ளையப் பேசுறதும் ஒண்ணா?

பெரியவர்: உங்களுக்கும் மேல ஒரு மக்கள் பிரதிநிதி இருந்தாரு, அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன். 1966-ல ஒரு பதினெட்டு வயசுப் பையன் கூட்டத்துல நின்னு சொன்னான், என்னையப் பட்டாளத்துல சேத்துத் துப்பாக்கியக் குடுத்தா மொத குறி அந்தாளுதான்னு. ஜனாதிபதிய மிரட்டுனா ஜெயில்னு அங்க தனிச் சட்டமே இருக்கு. பிடிச்சு வழக்குப் போட்டாங்க. 1969-ல அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு? அரசியல் பேச்சு அப்பிடித்தான் முரட்டுத்தனமா இருக்கும், பையன் நிபந்தனை போட்டுத்தான் பேசியிருக்கான், கேட்டவன் சிரிச்சிருக்கான், இது மிரட்டல் ஆகாதுன்னு சொல்லுச்சு. உங்காளும் நிபந்தனையோடதான பேசியிருக்காரு? தண்ணி வந்தா குடல் உங்ககிட்டயே இருக்கும்.

பிரமுகர்: அமெரிக்காக் கதை எதுக்குண்ணே? நம்ம தேனியில நடந்ததை எடுத்துக்கங்க. 2024 மே மாசம் யூடியூபர் சவுக்கு சங்கரை இங்க வச்சுத்தான தூக்குனாங்க? பெண் போலீஸைப் பத்தித் தப்பாப் பேசுனாருன்னு. குண்டாஸ் வேற. அப்பிடி ஒண்ணு போட முடியாதா?

பெரியவர்: அவரு பேசுனது அசிங்கம்தான். வழக்குப் போட்டது வரைக்கும் சரி. ஆனா விசாரணை இல்லாம ஒரு வருசம் வரைக்கும் உள்ள வைக்கிற சட்டத்தை வாய்க்கு எதிரா எடுத்தா என்ன ஆகும்? ஆகஸ்டுல ஐகோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணிருச்சு. விடாம இன்னொரு குண்டாஸ் போட்டாங்க. செப்டம்பர்ல அதுவும் போச்சு. இடைப்பட்ட மாசம் எல்லாம் அந்தாளு ஜெயில்ல. இதுல ஒரு கட்சி யோக்கியம், இன்னொண்ணு அயோக்கியம்னு எல்லாம் கிடையாது. 2015-ல டாஸ்மாக்கை மூடுன்னு பாட்டுப் பாடுனதுக்குக் கோவனைத் தேசத்துரோகச் சட்டத்துல பிடிச்சாங்க. 2017-ல கார்ட்டூன் வரைஞ்ச பாலாவைப் பிடிச்சாங்க. அது ரெண்டும் வேற ஆட்சியில. உக்காருற ஆளு மாறுறான், நாற்காலிக்குத் தோலு மட்டும் மெல்லிசாவே இருக்கு.

பிரமுகர்: எம்.ஜி.ஆர். இருந்தா இப்பிடிப் பேச விடுவாரா?

பெரியவர்: நல்ல ஆளைச் சொன்னீங்க. 1987, நம்ம ஆண்டிபட்டி எம்.எல்.ஏ. அவரு. அமெரிக்கா ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஜெயிச்ச தொகுதி. அவரு முதலமைச்சரா இருக்கையில ஆனந்த விகடன் அட்டையில ஒரு ஜோக்கு வந்துச்சு. எம்.எல்.ஏ.வுக்கும் மந்திரிக்கும் எப்பிடி வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுன்னு. ஒருத்தர் ஜேப்படிக்காரன் மாதிரி இருப்பாரு, இன்னொருத்தர் முகமூடிக் கொள்ளைக்காரன் மாதிரி இருப்பாருங்கிற தினுசுல. சட்டசபை கூடி, ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூணு மாசம் கடுங்காவல்னு தீர்மானம் போட்டாங்க. கோர்ட் இல்ல, சாட்சி இல்ல, வக்கீல் இல்ல. குத்தம் சாட்டுனவங்களே நீதிபதி. நாடே சத்தம் போட்டதும் ரெண்டு மூணு நாள்ல வெளிய விட்டாங்க. அப்புறம் ஐகோர்ட் அவரைப் பிடிச்சு வச்சது தப்புன்னு சொல்லி ஆயிரம் ரூபா நட்டஈடு குடுத்துச்சு. ஜோக்கு அந்த வாரத்தோட போயிருக்கும். ஜெயில்ல போட்டதால முப்பத்தஞ்சு வருசம் கழிச்சும் புங்கமரத்தடியில நான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

(பெரியவர் ஆண்டுக் கணக்கில் இரண்டு மூன்றைத் தள்ளுபடி செய்துவிட்டார். கோர்ட்டில் இருந்தவர்களுக்கு வாய்தாவால் வரும் பழக்கம்.)

பிரமுகர்: அப்ப யாரு வேணா என்ன வேணாப் பேசலாமா?

பெரியவர்: அப்பிடி எங்க சொன்னேன்? அரசியல் சட்டத்துல 19-வது பிரிவு மொத வரியில உரிமையக் குடுக்குது, ரெண்டாவதுல வேலி போடுது. பொது ஒழுங்கு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுறது எல்லாம் வேலிக்கு அங்கிட்டு. 2023 செப்டம்பர்ல, சனாதனத்தைப் பத்திப் பேசுனாருன்னு, அப்ப மந்திரியா இருந்த உதயநிதி தலைக்கு அயோத்திச் சாமியார் ஒருத்தர் பத்துக் கோடி விலை வச்சாரே, அது கருத்தா? அது கூலிக்கு ஆள் தேடுறது. மதுரையில வழக்குப் போட்டாங்க, சரியாத்தான் போட்டாங்க. ஆனா உதயநிதி என்ன பண்ணாரு? என் தலையச் சீவ எதுக்குப் பத்துக் கோடி, பத்து ரூபா சீப்பு போதும்னுட்டுப் போயிட்டாரு. அதே ஆளைத்தான் அடுத்த மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் கேட்டுச்சு, மந்திரியா இருக்கவரு தான் பேசுறதுக்கு என்ன விளைவுன்னு தெரிஞ்சு பேச வேணாமான்னு. ரெண்டும் நியாயந்தான்.

பிரமுகர்: சீப்பா? நல்லாத்தான் இருக்கு.

பெரியவர்: சுத்திப் போலீஸ் நிக்கையில சிரிக்க முடியுது தம்பி. சரி, உங்க மனு என்ன செய்ய? பிளம்பரை அனுப்பச் சொல்லி நிர்வாக அதிகாரிக்கு எழுதட்டுமா?

பிரமுகர்: அது கிடக்கட்டும்ணே. இன்னொரு தாளு வேணும், சின்னது. ராஜினாமாக் கடுதாசி.

பெரியவர்: அந்தப் பிள்ளை விலகப் போகுதா?

பிரமுகர்: சேச்சே. இது எங்க சொந்த ஊருக்கு. ஊராட்சித் தலைவர் சொந்தக் காரணங்களுக்காக, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, விலகுறதாக் கலெக்டருக்கு. தேதி போட வேணாம்.

பெரியவர்: நம்ம மாவட்டத்து ஊராட்சித் தலைவருகளுக்குத்தான் 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர் பாக்குறாரே. இல்லாத தலைவர் எப்பிடி விலகுவாரு?

பிரமுகர்: தேர்தல் வரும்ல? எங்க ஊரு தலைவர் பதவி தனி, பட்டியல் சாதிக்குன்னு ஒதுக்குனது. போன தடவை நாங்க நிப்பாட்டுன ஆளு சொன்ன இடத்துல கையெழுத்துப் போட்டான், நாற்காலியில உக்காராமலே அஞ்சு வருசம் ஓட்டுனான். இந்தத் தடவை படிச்ச பையன் ஒருத்தன் நிக்கப் போறானாம். ஊர்ல கூடிப் பேசிட்டோம். நிக்கட்டும், ஜெயிக்கட்டும். இதுல இப்பவே ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி.

பெரியவர்: பையன் சம்மதிச்சானா?

பிரமுகர்: அவங்கப்பாகிட்டச் சொல்லியிருக்கோம். எங்க தோட்டத்துலதான வேலை பாக்குறாரு. ஒருத்தரும் ஒரு கெட்ட வார்த்தை பேசலண்ணே. உக்கார வச்சு, டீ குடுத்து, தன்மையாத்தான் சொன்னோம்.

(பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.)

பெரியவர்: ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டினா உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். 1996-ல தலைவர் பதவிய இதே மாதிரி ஒதுக்குனாங்க. பத்து வருசம் ஒழுங்காத் தேர்தல் நடக்கல. ஒண்ணு மனுப் போட ஆளு இருக்காது. இல்ல, ஊரே நிப்பாட்டுன ஆளு ஜெயிச்ச சூட்டோட விலகிருவாரு. விலகுன கடுதாசி எல்லாத்துலயும் நீங்க சொன்ன அதே வாசகம்தான் இருந்திருக்கும். 2006 அக்டோபர்ல, உதயசந்திரன் மதுரைக் கலெக்டரா இருக்கையிலதான் உருப்படியாத் தேர்தல் நடந்துச்சு. அந்தப் பத்து வருசத்துல எத்தனை வழக்கு 506-ல பதிவாச்சுன்னு நெனைக்கிறீங்க? டீ குடுத்துத் தன்மையாச் சொன்னதுக்கு யாரு வழக்குப் போடுவா?

பிரமுகர்: அதான் சொல்றேன், நாங்க மிரட்டவே இல்ல.

பெரியவர்: தன்மையாச் சொன்னதைக் கேக்காம நின்னவரு ஒருத்தர் இருந்தாரு, மேலூர்ப் பக்கம் மேலவளவுல, முருகேசன். ஜெயிச்சுத் தலைவரானாரு. பாதுகாப்பு வேணும்னு கேட்டாரு. 1997 ஜூன்ல ஓடுற பஸ்ஸை நிறுத்தி அவரையும் கூட வந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. ஆயுள் தண்டனை வாங்குன பதிமூணு பேரை 2019-ல முன்கூட்டியே வெளியவும் விட்டாச்சு. அவருகிட்டப் போயி சீப்பு ஜோக்குச் சொல்லச் சொல்லுவீங்களா?

பிரமுகர்: நீங்க எங்கயோ போறீங்கண்ணே. நான் கேட்டது ஒரு தாளு.

பெரியவர்: அந்தத் தாளுக்கும் சட்டம் இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல, 2016-ல நடைமுறைக்கு வந்த திருத்தம். பட்டியல் சாதிக்காரரைத் தேர்தல்ல நிக்க விடாமப் பண்ணாலும் குத்தம், ஜெயிச்சவரு வேலையைச் செய்ய விடாம மிரட்டினாலும் குத்தம். முன்ஜாமீனும் கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. திராட்சைக்காரர் மேல ஏழு வருசம் போட வந்தீங்க. அவரு சொன்னதுல மிரட்டல் இல்ல, நீங்க டீ குடுத்ததுல இருக்கு.

(சற்று நேரம் இருவரும் பேசவில்லை. கம்பம் போகும் பேருந்து ஒன்று ஹாரனை அழுத்தியபடியே கடந்துபோகிறது.)

பிரமுகர்: அண்ணே, நீங்க பெரியவங்க, உங்களுக்குத் தெரியாததா? பேரன் எட்டாவது படிக்கிறான்ல? பெரியாத்துப் பாலத்து வழியாத்தான சைக்கிள்ல வர்றான்? லாரி ஜாஸ்தியாப் போகுது. பாத்துப் போகச் சொல்லுங்க. நம்ம பையன்ங்கிறதால சொல்றேன்.

பெரியவர்: ரொம்ப அக்கறை தம்பி. இதுல குடல் இல்ல, கத்திரி இல்ல, நிபந்தனைகூட இல்ல. எந்தக் கோர்ட்டுல வாசிச்சாலும் ஜட்ஜு உங்களை மெச்சுவாரு.

(புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கார்பனை அடியில் வைக்கிறார்.)

பிரமுகர்: என்னண்ணே எழுதுறீங்க?

பெரியவர்: நீங்க இங்க வந்து உக்காந்ததுல இருந்து சொன்னது அம்புட்டையும். பெறுநர், துணைக் காவல் கண்காணிப்பாளர். அனுப்புநர் எம்பேருதான், உங்க வீட்டம்மாவைத் தொந்தரவு பண்ண வேணாம்.

பிரமுகர்: அண்ணே...

பெரியவர்: தேதியும் போட்டுட்டேன். அந்த டீக்கடைப் பேரு மட்டும் சொல்லுங்க, வடை தின்னவரைச் சாட்சியாச் சேக்கணும்.