மாயைக்கு ஒரு பட்டா

ஸ்ரீபெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு அவதரித்த ராமானுஜர் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தால் அவர் ஊரைச் சுற்றி இன்று சர்வர் ரூம் வைத்திருக்கும் உதிரிபாகக் கம்பெனிகளில் பாதித் தகராறு தீர்ந்திருக்கும். தகராறு என்னவோ அவர் காலத்துத் தகராறுதான். கண்ணுக்குத் தெரிகிறது, வேலையும் செய்கிறது, கையால் மட்டும் தொட முடியவில்லை. அப்படிப்பட்ட ஒன்று மெய்யா, மாயையா? மெய் என்றால் அதற்குத் தனி விலாசம் தர வேண்டாமா?

விர்ச்சுவல் மெஷினைத்தான் சொல்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராக்கெட் அடித்து கார் கம்பெனிக்கு அனுப்புகிறார்கள். ஆபீஸ் மூலையில் ஒரே ஒரு சர்வர். அதற்குள் சாப்ட்வேரால் செய்த மூன்று விஎம்கள் குடியிருக்கின்றன: ஒன்றில் டேலி, ஒன்றில் அட்டெண்டன்ஸ், மூன்றாவதில் கஸ்டமரின் ஷெட்யூலை வாங்கி, லாரி கிளம்பும் முன் சரக்கு வருகிறது என்ற முன்னறிவிப்பை (ஏஎஸ்என்) அனுப்பும் புரோகிராம். ஒரு நாள் கஸ்டமரிடமிருந்து மெயில் வருகிறது. அந்த மூன்றாவது மெஷினின் பப்ளிக் ஸ்டாட்டிக் ஐபி உடனே வேண்டுமாம், வைட்லிஸ்ட் செய்ய வேண்டுமாம்.

"அதான் மாசாமாசம் நெட்டுக்குப் பணம் கட்டறோமே, அதுல வராதா?" என்கிறார் எம்.டி.

"அது வேற சார்."

"என்ன வேற?"

இந்த "என்ன வேற"வுக்குப் பதில் சொல்ல ஐடி பையனுக்கு ஐம்பது வருஷத்துச் சரித்திரம் வேண்டும். பாவம், அவனிடம் டீ டைம் மட்டுமே இருக்கிறது. ஆகவே நாம் சொல்வோம்.

1972-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. மே மாதம், கலிபோர்னியாவில் ஜான் போஸ்டல் என்ற தாடிக்கார மாணவர், நெட்வொர்க்கில் எண்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு ஜார் மன்னர் வேண்டும் என்று குறிப்பு எழுதி, பக்கத்திலேயே அடைப்புக்குறி போட்டு, அது நானாகவே இருக்கட்டுமே என்ற தொனியில் ஒரு கேள்விக்குறியும் வைத்தார். உலகத்தில் வேறு எந்த ராஜாவும் இவ்வளவு கூச்சத்தோடு முடி சூட்டிக்கொண்டதில்லை. ஆகஸ்டில், ஐபிஎம் கம்பெனி விஎம்/370 என்ற சரக்கை அறிவித்தது: ஒரே இயந்திரம், ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் இருப்பதுபோல் தோன்றும். எண் கொடுக்கிற ராஜாவும் எண் கேட்கப்போகிற மாயையும் ஒரே வருஷத்தில் வந்துவிட்டார்கள். இருவருக்கும் அறிமுகம்தான் ஆகவில்லை.

1977-இல், இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான விண்டன் செர்ஃப் எதிரில் ஒரு பஞ்சாயத்து. இணைய முகவரி எத்தனை பிட் நீளம் இருக்க வேண்டும்? 32 போதும் என்றார்கள் சிலர், 128 வேண்டும் என்றார்கள் சிலர், நீளம் ஆளுக்கு ஆள் மாறட்டும் என்றார்கள் மற்றவர்கள். ஒரு வருஷம் இழுத்தும் முடியவில்லை. செர்ஃப் அலுத்துப்போய் 32 என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். இது வெறும் பரிசோதனைதானே, போதாதா என்ற நினைப்பு. கணக்குப் போட்டால் 429,49,67,296 எண்கள். அன்றைய உலக ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆளுக்கு ஒன்று! அதில் பெரும்பாலோர் கம்ப்யூட்டரைப் பார்த்ததே இல்லை. சர்க்கார் திட்டங்களில் இவ்வளவு தாராளம் அபூர்வம். 1981 செப்டம்பரில் விதி அச்சானது. 1983 ஜனவரி 1 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் அதற்கு மாறியது. பரிசோதனை இன்னும் முடியவில்லை.

இனிமேல்தான் வள்ளல் காண்டம். பாரி முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்தான் என்று நாம் இரண்டாயிரம் வருஷமாகப் பெருமை பேசுகிறோம். எண் ராஜ்யத்தின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள்: தேர் செய்து விற்கிறவர்களுக்கே நாடு எழுதிவைத்திருக்கிறார்கள். 19 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும் ஃபோர்டுக்கு. 53 என்று தொடங்குபவை, 1993-இல், டைம்லர் குழுமத்துக்கு. ஒவ்வொன்றும் 1,67,77,216 எண்கள். ஆப்பிளுக்கு 17, எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு 18, மருந்து கம்பெனிகளுக்கு ஒவ்வொன்று, அமெரிக்கத் தபால் இலாகாவுக்கும் ஒன்று. எத்தனை கம்ப்யூட்டர் வைத்திருக்கிறாய் என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. பணமும் வாங்கவில்லை. யாருக்கும் தேவைப்படாத சொத்தைத் தானம் செய்வதில் ஒரு வசதி இருக்கிறது, கை நடுங்காது.

இந்தத் தேர்ப்பாகர்கள் பிற்பாடு நம் ஊருக்கே வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ஃபோர்டு மறைமலைநகரில் ஆலை வைத்தது. டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை 2012 ஏப்ரலில் ஒரகடத்தில் திறந்தது. ஆக, வடகால் பிராக்கெட் கம்பெனி ஒரே ஒரு எண்ணுக்கு அலையும்போது, அதே சாலையில் எதிரே வரும் லாரியின் பிறந்த வீட்டுப் பெயரில் ஒன்றரைக் கோடிக்கு மேல் எண்கள் எழுதப்பட்டிருந்தன. அரசுத் தொழிற்பேட்டையான சிப்காட்டில் நிலம் வாங்குகிறவனிடம் என்ன கட்டப் போகிறாய், எப்போது கட்டுவாய், எத்தனை பேருக்கு வேலை என்று ஆயிரம் கேள்வி உண்டு. எண் ராஜ்யத்தில் சிப்காட் இல்லாமல் போனது நம் துரதிர்ஷ்டம்.

நாம் எப்போது போய்ச் சேர்ந்தோம்? 1995 ஆகஸ்ட் 15. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் தந்த நாள். மோடம் கீச்சுக் குரலில் அழுது ஓயும், ஒரு எண் கிடைக்கும். லைன் அறுந்து மறுபடி போட்டால் வேறு எண். அதற்கு டைனமிக் என்று கௌரவமான பெயர். அதற்குள் அங்கே ராஜாங்கத்தில் களஞ்சியம் காலியாகிறது என்ற பதற்றம் வந்துவிட்டது. 1996 பிப்ரவரியில் ஒரு சாசனம் போட்டார்கள்: 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று துண்டுகளை யார் வேண்டுமானாலும் தன் காம்பவுண்டுக்குள் உபயோகிக்கலாம். வெளியே செல்லாது. அதே வருஷம் மே மாதம் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி பதிவு செய்து, இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழில் காரிடாருக்கு ஆலைகள் வர ஆரம்பித்த நேரமும், இனிமேல் வருகிறவனுக்கு 192.168 போதும் என்று உலகம் முடிவெடுத்த நேரமும் ஒன்றுதான்.

இப்போது மறுபடியும் ராமானுஜர் வரவேண்டும். விஎம்மை வெளியுலகத்தோடு சேர்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நம் ஆச்சாரியர்கள் ஏற்கெனவே சண்டை போட்டு முடித்துவிட்டார்கள்.

முதலாவது நாட். இது சுத்த அத்வைதம். உள்ளே எத்தனை விஎம் இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிவது ஒரே ஒரு ஐபி. ஹோஸ்ட் எனப்படும் அந்த நிஜ சர்வர் ஒன்றே சத்தியம், மற்றதெல்லாம் தோற்றம். லினக்ஸில் விஎம்களை ஓட்டும் கேவிஎம்மைப் போட்டால் கேட்காமலே 192.168.122 வரிசையில் ஒரு எண்ணை விஎம்மின் கையில் திணித்துவிடும். அந்த எண்ணை அப்படியே கஸ்டமருக்கு மெயிலில் அனுப்பிய பையன்கள் இந்தக் காரிடாரில் உண்டு. கஸ்டமர் ஐடி தலையில் அடித்துக்கொள்வார். அவர் ஆபீஸிலும் அதே எண்ணில் ஒரு மெஷின் இருக்கலாம்.

மூன்றாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்ன விஷயம். சர்வரில் தனியாக ஒரு நெட்வொர்க் கார்டு செருகி, அதை ஹோஸ்ட் தொடவே கூடாது என்று விஎம்முக்கே தாரைவார்ப்பது. மத்வரின் த்வைதம். அவர் வேறு, இவர் வேறு. சுத்தமான வழிதான், ஆனால் மூன்று விஎம்முக்கு மூன்று கார்டு கேட்டால் பர்ச்சேஸ் மேனேஜர் உங்கள் முகத்தையே பார்க்கமாட்டார்.

நடுவில் இருப்பதுதான் பெரும்புதூர்க்காரரின் மதம்: பிரிட்ஜ். விஎம் ஹோஸ்டுக்குள்தான் இருக்கிறது, ஹோஸ்ட் இல்லாமல் அதற்கு இருப்பு இல்லை. ஆனாலும் அது பொய்யல்ல, அதற்குத் தனி அடையாளம் உண்டு. சர்வருக்குள் பிஆர்0 என்று சாப்ட்வேரால் ஒரு ஸ்விட்ச் செய்து, நிஜ நெட்வொர்க் கார்டையும் விஎம்மின் பொய்க் கார்டையும் அதில் செருகுகிறீர்கள். விஎம்முக்குத் தனி மேக் முகவரி, கேவிஎம் என்றால் 52:54:00 என்று ஆரம்பிக்கும். வெளியே இருக்கும் ரூட்டர், ஓஹோ, புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது என்று நம்பிவிடும். அதற்கு ஒரு பப்ளிக் ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே மூன்றையும் விஎம்முக்கு உள்ளேயே போய் எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஒரே ஒரு கண்டம் இருக்கிறது. பிரிட்ஜ் போடும்போது ஹோஸ்டின் சொந்த ஐபியை நிஜக் கார்டிலிருந்து கழற்றி பிஆர்0 மேல் மாட்ட வேண்டும். கழற்றியதற்கும் மாட்டுவதற்கும் நடுவில் நெட்வொர்க் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத் தாம்பரத்து வீட்டிலிருந்து ரிமோட்டில் இதைச் செய்கிறவன், முதல் வரிக்கு என்டர் தட்டியவுடன் கர்சர் உறைந்துபோவதைப் பார்ப்பான். பிறகு படப்பை வழியாக பைக்கில் ஒரகடம் போய், செக்யூரிட்டி அண்ணனை எழுப்பி, சர்வர் ரூமில் கீபோர்டைச் செருகி இரண்டாவது வரியை அடிப்பான். இரண்டு வரிகளையும் ஒரே ஃபைலில் எழுதி ஓட்டலாம் என்பது திரும்பி வரும்போது படப்பையில் ஞாபகம் வரும்.

சரி, எழுத வேண்டிய எண் எங்கே? 2011 பிப்ரவரி 3 அன்று மயாமியில் மேடை போட்டு, கடைசி ஐந்து பெரிய துண்டுகளை ஐந்து வட்டாரப் பதிவாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, களஞ்சியத்தைப் பூட்டினார்கள். ஏப்ரல் 15-இல் நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் பங்கும் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. அதன்பின் புதிதாக வருகிற ஒரு இணையக் கம்பெனிக்கு அதிகபட்சம் 1,024 எண்கள் என்று அப்போது விதித்தார்கள். ரேஷன். ஏற்கெனவே திவாலாகியிருந்த நார்டெல் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி, அதே வருஷம் தன்னிடம் சும்மா கிடந்த 6,66,624 எண்களை 75 லட்சம் டாலருக்கு மைக்ரோசாஃப்ட்டிடம் விற்றது. எண் ஒன்றுக்கு 11 டாலர் சொச்சம். தானமாக வந்தது ரியல் எஸ்டேட் ஆனது இப்படித்தான். எம்ஐடியும் தன் 18-இல் பாதியை 2017-இல் விற்பனைக்கு விட்டது.

ஆகவே நம் எம்.டி. லீஸ்டு லைன்காரரிடம் ஐபி கேட்டால், ஸ்லாஷ் 30 என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். நான்கு எண்கள். முதலாவது நெட்வொர்க்கின் பெயர், கடைசி பிராட்காஸ்ட், இன்னொன்று அவர்கள் ரூட்டருக்கு. மிச்சம் ஒன்று. அதை ஃபயர்வால் முழுங்கிவிடும். விஎம்முக்குத் தனி எண் வேண்டுமென்றால் ஸ்லாஷ் 29 வாங்க வேண்டும்: எட்டில் மூன்று மேற்படி சடங்குகளுக்குப் போக, கையில் ஐந்து. எட்டுக்குப் பணம் கட்டி ஐந்து வாங்குகிறோமா என்று எம்.டி. கேட்பது நியாயம்தான். கார்பெட் ஏரியா கணக்கில் ஃப்ளாட் வாங்கியவர் அவர்.

எண் வந்தாகிவிட்டது, விஎம் பப்ளிக் ஆகிவிட்டது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து ரகசிய மந்திரம் பெற்ற ராமானுஜர், கோபுரத்தில் ஏறி அதை ஊருக்கெல்லாம் சொன்னார் என்பது ஐதீகம். தான் ஒருவன் நரகம் போனாலும் பரவாயில்லை, ஊர் கரையேறட்டும் என்ற கருணை. பப்ளிக் ஐபியில் விதி தலைகீழ். ஒருவன் போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான், கம்பெனி மொத்தமும் நரகத்துக்குப் போகும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் 445-ஆம் போர்ட் திறந்துகிடந்த விண்டோஸ் மெஷின்களில் புகுந்து தாண்டவம் ஆடியது. பிரான்சில் ரெனோ ஆலைகள் நின்றன, இங்கிலாந்தில் நிசானின் சண்டர்லேண்ட் ஆலை பாதிக்கப்பட்டது, இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய ஒரகடம் ஆலையிலும் பாதிப்பு என்று செய்தி வந்தது. மைக்ரோசாஃப்ட் மருந்தை மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடத்தான் ஆளில்லை. டேலி விஎம்முக்கு வீட்டிலிருந்து வர வசதியாக இருக்கும் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக பப்ளிக் ஐபியில் திறந்து வைக்கும் கணக்காளர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். கஸ்டமரின் ஐபிக்கு மட்டும், தேவையான ஒரு போர்ட் மட்டும். மற்றவர்களுக்கு விபிஎன்.

கிளவுடுக்குப் போய்விடலாமே என்பவர்களுக்கு ஒரு தகவல்: அமேசானின் விஎம்முக்குள் நுழைந்து உன் விலாசம் என்ன என்று கேட்டால் 172.31 என்று ஏதோ காம்பவுண்டு எண்ணைச் சொல்லும். தன் பப்ளிக் எண் அதற்கே தெரியாது, வெளியில் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தன்னை அறியாத அந்த எண்ணுக்கு 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு அரை சென்ட் வாடகை.

இத்தனைக்கும் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. 1977-இல் தோற்றுப்போன அந்த 128 பிட் கட்சி, 1995-இல் ஐபிவி6 என்ற பெயரில் ஜெயித்துவிட்டது. 2016-இல் வந்த ஜியோ, பழைய எண்கள் கையில் போதாமல், புது எண்களைப் போனுக்குப் போனாக வாரி இறைத்தது. ஐபிவி6 உபயோகத்தில் இந்தியா இன்று உலகின் முன்வரிசை. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். அங்கே ஷிப்ட் முடிந்து வந்து ரீல்ஸ் பார்க்கும் போன்களில் பலவற்றுக்கு உலகத்தில் யாருக்கும் இல்லாத தனி முகவரி உண்டு, வாடகை இல்லாமல். பக்கத்து பிராக்கெட் கம்பெனியின் விஎம்முக்கும் அப்படி ஒன்று கேட்டால் லைன்காரர் கோடி கோடியாகத் தருவார்.

அதை எழுதத்தான் இடமில்லை. வெண்டர் பதிவுப் படிவங்களில் ஐபி முகவரிக்கு நடுவே புள்ளி வைத்த நான்கு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கம். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கஸ்டமர் போர்ட்டல் எழுதும் புண்ணியவான்களே, அந்த நான்கு கட்டங்களை அழித்துவிட்டு ஒரு நீளமான கட்டம் போடுங்கள். அரை மணி நேர வேலை.