ஓட்டைப் பிரிச்சு எறங்குலே!

ஏலே பேராண்டி, விடிய விடிய அந்த லேப்டாப் முன்னால உக்காந்து பாஸ்வேர்டை மாத்தி மாத்தித் தட்டுதியே, அதென்ன நம்ம குலதெய்வமா, மனசு எரங்கிக் கதவைத் தொறக்க? முனிர்க்காவுல இந்தப் பொறாக்கூண்டுக்கு வாடகை குடுக்கத் தெரியுது, ஒரு பென்டிரைவ் வாங்கி வைக்கத் தெரியல. இதுல ஜேஎன்யூவுல ஆராய்ச்சி வேற.

நேரு பிளேசு கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிட்டுப் போறேங்கியா? போ. மூடியைத் தெறக்குமுன்னே "ஃபார்மேட் மார் தேங்கே"ம்பான் ஒருத்தன். நீயும் தலைய ஆட்டுவ. வருசக்கணக்கா நீ எழுதுத தீசிஸ் அன்னைக்கே யமுனையில கரைஞ்சிரும். உன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு வேணா நிம்மதி.

வெக்கப்படாத. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, பெரிய பெரிய ஆளெல்லாம் உன்னை மாதிரித்தான் முழிச்சான். காவலுக்கு வெச்ச கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி காலையில ஒரு அப்டேட் அனுப்பிச்சு; உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் பொட்டி நீலத்திரையைக் காட்டிட்டு மல்லாந்துருச்சு. திருடனை மறிக்க வந்தவன் முதலாளியையே மறிச்சுட்டான்! டில்லி ஏர்போர்ட்ல எந்த பிளேன் எந்த கேட்டுன்னு வெள்ளைப் பலகையில மார்க்கரால எழுதுனாவ. சில ஊர்ல போர்டிங் பாஸையே கையால எழுதிக் குடுத்தாவ, நம்ம பலசரக்குக் கடைச் சிட்டை கணக்கா.

ஒன்னேகால் மணி நேரத்துல அப்டேட்டை வாபஸ் வாங்கிட்டான். வாங்கி? எந்திரிக்கவே மாட்டாத பொட்டிக்கு எந்த வழியா மருந்து அனுப்ப? ஆள் போயி ஒவ்வொரு பொட்டியாத் தொட்டு, கெட்ட ஃபைலை அழிக்க வேண்டியதாச்சு. கடைசியில மைக்ரோசாப்டே பென்டிரைவ்ல வெச்சு ஏத்துத குட்டி விண்டோஸ் ஒண்ணைக் குடுத்துச்சு.

உள்தாப்பா விழுந்த வீட்டுக் கதவை நாம ஒடைச்சா போடுவோம்? ஓட்டைப் பிரிச்சு ஒரு ஒல்லிப் பயலை உள்ள எறக்குவோம். விண்டோஸ் மாதிரி உபுண்டுன்னு இன்னொரு இயங்குதளம் இருக்கு, உனக்கு அதுதான் அந்தப் பய. காசு கேக்க மாட்டான். பாதுகாப்பு அமைச்சகமே அவனை வெச்சுத்தான் 'மாயா'ன்னு ஒண்ணு செஞ்சு, விண்டோஸ எடுத்துட்டு அதை ஏத்தப் போறோம்னு 2023ல சொல்லிச்சு. அமைச்சகத்துக்கு ஆவுறது முனிர்க்காவுக்கு ஆவாதா?

கூட்டாளி லேப்டாப்ல எறக்கி, 8 ஜிபி பென்டிரைவ்ல எழுதி வாங்கு. பொட்டியப் போட்டதும் எஃப் 12ஐ அமுக்கு, பல பொட்டிக்கு அதுதான். எச்பின்னா எஃப் 9. பென்டிரைவைக் காட்டு. 'சும்மா ஓட்டிப் பாக்கியா, நிறுவட்டுமா'ன்னு கேப்பான். ஓட்டிப் பாக்கேன்னு சொல்லு. அவசரத்துல மத்ததை அமுக்குனியோ, நேரு பிளேஸ்காரன் காசு வாங்கிட்டுச் செய்யுததை நீ ஓசியில செஞ்சுருவ. முதல் வேலையா தீசிஸை எடுத்து வெளி டிஸ்க்குல போடு. விண்டோஸ் முழுசா ஒறங்காம அரைக்கண்ணு மூடிக் கெடந்துதுன்னா, டிரைவைப் படிக்கத்தான் முடியும், அதுல எழுத முடியாது. முடியாட்டிப் போவுது, நமக்கு எடுக்கத்தானே வேணும்? பாஸ்வேர்டுக் கதையெல்லாம் பொறவு.

என்ன முழிக்க? ஆமா, உன் பாஸ்வேர்டு வாசலுக்குத்தான் காவல், கூரைக்கு இல்ல. பென்டிரைவ் வெச்சிருக்க எவனும் உன் ஃபைலைப் படிக்கலாம். அதுக்குத்தான் பிட்லாக்கர்னு ஒரு பூட்டு வெச்சிருக்கான். அது விழுந்துருந்தா 48 இலக்கச் சாவி வேணும். இல்லன்னா உபுண்டுப் பயலும் முகட்டுல உக்காந்து உன்னைய வேடிக்கை பாப்பான். அந்த ஜூலையில சில கம்பெனிக்காரன் சாவியெல்லாம் பத்திரமா ஒரு சர்வர்ல பூட்டி வெச்சிருந்தான். அந்தச் சர்வரும் நீலத்திரை போட்டுப் படுத்துருந்துச்சு!

சிரிக்காத. உன் சாவி எங்கலே? தெரியாதா? போன்ல உன் மைக்ரோசாப்ட் கணக்கைத் தொறந்து பாரு, அனேகமா அங்க கெடக்கும்.

அந்தக் கணக்குக்கும் இதே பாஸ்வேர்டுதானா? நல்லாருப்பலே. போயி டீயைப் போடு, யோசிப்போம்.